சீரும் தளையும்

சுருளிப்பட்டியில் என் அக்கா வீட்டுத் திண்ணையில் சாயங்காலமானால் பூக்கட்டு நடக்கும். சரம் முடிகிற இடத்தில் அக்கா நூலை வாய்க்குக் கொண்டுபோவாள். முன்பற்கள் ஒரு நொடி சேரும், நூல் அறுந்துவிடும். கத்திரிக்கோல் என்று ஒன்று இருப்பதே அவள் கைக்குத் தெரியாது. அவள் மகள் அதே பூவை அம்மாவைவிட நெருக்கமாகக் கட்டுவாள். ஆனால் பக்கத்தில் ஒரு பழைய பிளேடு இருக்கும். பிளேடு கிடைக்காத நாளில் நூலை வாயின் கோடிக்கு, கோரைப் பல்லையும் தாண்டிக் கொண்டுபோய், மென்று மென்று பிய்ப்பாள். முன்பல்லால் அவளுக்கு எதையும் கடிக்க வராது. கொய்யாவைக் கத்தியால் கீறித்தான் தின்பாள். கீழ்த்தாடை முன்னே வளர்ந்து, மேல்தாடை பின்தங்கி, கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு வெளியே நின்றன. "நாடி நீண்ட பிள்ளை" என்று ஊர் ஒரு பேர் வைத்திருந்தது. அந்தப் பேர் காதில் விழாதது போல் நடக்க அவள் சின்ன வயசிலேயே பழகியிருந்தாள்.

மச்சானுக்குத் திராட்சைத் தோட்டத்தை விட்டு நகர முடியாது. அதனால் மதுரைக்குப் பல் வைத்தியத்துக்குப் போகும்போதெல்லாம் துணைக்குப் போனது தாய்மாமனான நான்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு யாப்பு சொல்லிக்கொடுத்தே ஓய்வுபெற்றவன். செய்யுளில் நயம் தேடிப் பழகிய கண், பல் ஆசுபத்திரியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதும் சும்மா இருக்கவில்லை. கம்பி போட்டுப் பல்லை நேராக்கி, அறுவை செய்து தாடையை இடம் மாற்றும் இந்த வைத்தியத்தில், நல்ல வெண்பாவில் இருக்கிற அளவுக்கு நுணுக்கம் இருப்பதைக் கண்டேன். கண்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பல் சீரமைப்பு என்று தமிழில் பெயர் வைத்தவர் யாப்பை நினைத்து வைத்தாரோ என்னவோ, பெயரிலேயே சீர் இருக்கிறது. வெண்பாவில் ஒவ்வொரு சீரும் தன்னளவில் குற்றமில்லாமல் இருக்கலாம். ஆனால் ஒரு சீர் முடிகிற விதமும் அடுத்தது தொடங்குகிற விதமும் பொருந்தாவிட்டால் தளை தட்டிவிடும். மாச்சீருக்குப் பின்னால் நிரை வரவேண்டிய இடத்தில் நேர் வந்தால், வெண்பா அந்த இடத்திலேயே நொண்டும். சொல் நன்றாக இருக்கிறதே என்று யாரும் மன்னிப்பதில்லை. வாயும் அப்படித்தான். மேல் வரிசை ஒரு அடி, கீழ் வரிசை ஒரு அடி. இரண்டையும் தனித்தனியே பார்த்தால் முத்து கோத்த மாதிரி இருக்கலாம். சேர்த்துக் கடிக்கச் சொன்னால்தான் தளை தட்டுவது தெரியும்.

இந்தத் தளைக்குத் தெளிவாக இலக்கணம் எழுதியவர் அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள். 1899-இல் அவர் சொன்ன விதியை, பிள்ளைக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா ஒரு பல் அச்சை வைத்து எனக்குக் காட்டினார். மேல் முதல் கடவாய்ப் பல்லின் வெளிப்பக்கத்தில் இரண்டு முகடுகள். அவற்றில் முன்முகடு, கீழ் முதல் கடவாய்ப் பல்லின் வெளிப்பள்ளத்தில் வந்து உட்கார வேண்டும். அவ்வளவுதான் விதி. இருபுறமும் மலை எழுந்து நடுவில் பள்ளத்தாக்கு கிடக்கிற ஊர்க்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. எங்கள் பிள்ளைக்கு அந்த முகடு பள்ளத்துக்கு வெகுதூரம் பின்னால் நின்றது. மலை ஓரிடம், பள்ளத்தாக்கு ஓரிடம்.

ஆங்கிளுக்குப் பின் எழுபது வருடம் கழித்து லாரன்ஸ் ஆண்ட்ரூஸ் என்பவர் செய்ததுதான் எனக்கு இன்னும் பிடித்தது. நோயுள்ள வாய்களை அவர் தேடவில்லை. கம்பியே படாத, பிறவியிலேயே அழகாகக் கடிக்கிற 120 பேருடைய பல் அச்சுகளைச் சேர்த்துவைத்துக்கொண்டு, இவை ஏன் அழகாக இருக்கின்றன என்று உட்கார்ந்து பார்த்தார். எல்லாவற்றிலும் பொதுவாக இருந்த ஆறு குணங்களை 1972-இல் எழுதினார். கடவாய்ப் பல்லின் பொருத்தம், பல்லின் முன்பின் சாய்வு, உள்வெளிச் சாய்வு, திருகாமல் நிற்பது, இடைவெளி விடாமல் நெருங்குவது, வரிசையின் தளம் கிட்டத்தட்டச் சமமாகக் கிடப்பது. நல்ல கவிதைகளைத் திரட்டி அவற்றிலிருந்து இலக்கணம் கண்டது போன்ற வேலை அது. இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் என்று நாம் சொல்வதைப் பல்லில் செய்து காட்டியவர் அவர்.

இனி, என்னை வியக்க வைத்த முதல் நயம். தாடை பொருந்தாத வாயில் பற்கள் சும்மா நிற்பதில்லை. வீட்டுக் குறையை வெளியே காட்டாத மருமகள் மாதிரி, தாங்களே வளைந்துகொடுத்து மறைக்கின்றன. கீழ்த்தாடை முன்னே போனால் கீழ் முன்பற்கள் உள்பக்கமாகச் சாய்ந்துகொள்கின்றன. மேற்பற்களோ எட்டிப் பிடிக்கிற மாதிரி வெளியே சாய்கின்றன. உதடும் நாக்கும் நாள் முழுக்க இரண்டு பக்கமும் தள்ளித் தள்ளி இதைச் செய்து முடிக்கின்றன. இதனால் எலும்பில் பெரிய இடைவெளி இருந்தாலும் பல்லில் அது சிறியதாகத் தெரிகிறது. எங்கள் பிள்ளைக்குக் கீழ்ப்பல் மேற்பல்லைவிட முன்னால் நின்ற தூரம் 4 மில்லிமீட்டர். "இது பொய்க்கணக்கு. பல்லெல்லாம் சேர்ந்து மறைச்சிருக்கு. அசல் கணக்கு இதவிட ரெண்டு மடங்கு" என்றார் டாக்டரம்மா.

அசல் கணக்கு எங்கே இருக்கிறது? பக்கவாட்டில் தலையை ஒரு சட்டத்தில் அசையாமல் நிறுத்தி எடுக்கிற எக்ஸ்ரே படத்தில். 1931-இல் அமெரிக்காவில் பிராட்பென்ட்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் தனித்தனியே இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். படத்தின் மேல் மெல்லிய தாளை விரித்துப் பென்சிலால் கோடு இழுப்பார்கள். மூளைக்கு அடியில் பிட்யூட்டரி சுரப்பி உட்கார்ந்திருக்கும் எலும்புக் குழிக்குத் துருக்கிச் சேணம் என்று பெயர். குதிரை ஏறுகிறவன் உட்காரும் சேணம் மாதிரியே இருக்கும். அதன் நடுவில் ஒரு புள்ளி, மூக்கின் வேரில் ஒரு புள்ளி, மேல்தாடையின் முன்குழிவில் ஒன்று, கீழ்த்தாடையின் முன்குழிவில் ஒன்று. மூக்கின் வேரிலிருந்து பார்க்கையில் மேல்தாடை சராசரியாக 82 பாகையில் நிற்கும், கீழ்த்தாடை 80-இல். மேல் இரண்டு பாகை முன்னே என்பதுதான் சிசில் ஸ்டைனர் 1953-இல் சொன்ன அளவு. எங்கள் பிள்ளைக்கு மேல் 79, கீழ் 84.

முல்லைப் பெரியாறு அணையில் 142 அடி என்றால் எங்கள் பள்ளத்தாக்கில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அரை அடி ஏறினாலும் இறங்கினாலும் டீக்கடையில் அன்றைக்கு வேறு பேச்சு கிடையாது. அப்படி அளவில் ஊறிய ஊர்க்காரனுக்கே, ஒரு முகத்தை இப்படிப் பாகை பாகையாகப் படிக்கிறார்களே என்று மலைப்பாக இருந்தது. அந்த அளவையும் டாக்டரம்மா வேதவாக்காகக் கொள்ளவில்லை என்பது அதைவிட நயம். "ஸ்டைனர் பாத்தது அமெரிக்க மூஞ்சிங்கய்யா. நம்ம பக்கத்து மூஞ்சில உதடும் பல்லும் கொஞ்சம் முன்னாலதான் இருக்கும். அதப் போய் உள்ள தள்ளினா பாட்டியோட சாடையே போயிரும்" என்றார். இலக்கணம் தெரிந்தவர்தான் எங்கே விதியைத் தளர்த்த வேண்டும் என்பதையும் அறிவார்.

பிள்ளையை நாங்கள் முதலில் அழைத்துப் போனது அவளுக்குப் பதினைந்து வயதில். "இன்னும் தாடை வளருது, வளர்ச்சி நிக்கட்டும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அக்காவுக்குக் கோபம். "காசு கட்டத் தயாரா இருக்கோம், இவங்க என்ன போ போங்கிறாங்க" என்றாள். ஆனால் வளர்கிற தாடையை வெட்டிப் பொருத்தினால், பொருத்திய பிறகும் அது வளர்ந்து பழைய இடத்தைத் தேடும். ஒரு வருட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, கோடு கோட்டின் மேல் விழுந்த பிறகுதான் தொடங்கினார்கள். அதற்குள் அவளுக்கு வயது பதினெட்டு. காத்திருக்கச் சொன்னதும் வைத்தியத்தில் சேர்த்திதான்.

பிறகு கம்பி. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துப் பந்தல் போட்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை புரியும். பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தக் கொடி தன் இஷ்டத்துக்கு ஓடினால் காடாகும். தளிரைக் கம்பியில் கட்டினால் சொன்ன திசையில் போகும். பல்லில் முதலில் ஓட்டுகிற கம்பி நிக்கலும் டைட்டானியமும் கலந்தது. நைட்டினால் என்று பெயர். நிக்கல், டைட்டானியம் இரண்டின் பெயரோடு அதைக் கண்டெடுத்த அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் முதலெழுத்துகளையும் ஒட்டவைத்த பெயர். எவ்வளவு வளைத்தாலும் தன் பழைய வளைவை அது மறப்பதில்லை. கோணிய பற்களினூடே கோணிக்கொண்டு நுழைந்து, பிறகு மெல்ல மெல்லத் தன் வடிவுக்குத் திரும்பும்போது பற்களையும் கூடவே கூட்டிக்கொண்டு போகும். அடம்பிடிக்கிற பிள்ளையின் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்து, பேசிப் பேசி வீட்டுக்குத் திருப்புகிற பாட்டியின் தந்திரம் அது.

பல் எலும்பில் ஆணி மாதிரி அறையப்பட்டது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் கால் மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்பில் நார்ப்படலம் ஒன்று உண்டு. அந்த நாரில் பல் தூளி கட்டியது போலத் தொங்குகிறது. ஒரு பக்கம் லேசாக அழுத்தினால் அந்தப் பக்கத்து எலும்பு கரைகிறது. எதிர்ப்பக்கம் நார் இழுபட, அங்கே புது எலும்பு படிகிறது. இப்படி மாசத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் பல் இடம்பெயரும். அவசரப்பட்டு அழுத்தினால் அங்கே ரத்த ஓட்டம் நின்று, பல் நகராமல் அடம்பிடிக்கும். மெல்லத் தள்ளினால்தான் வேகமாகப் போகும்.

ஆனால் தள்ளியது எந்தத் திசையில் என்பதுதான் இந்த வைத்தியத்தின் உயிர். மேற்பற்களை உள்ளே கொண்டுவந்தார்கள், கீழ்ப்பற்களை வெளியே நிமிர்த்தினார்கள். பற்கள் இத்தனை வருடம் சாய்ந்து சாய்ந்து மறைத்துவைத்ததை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்கள். இடைவெளி குறையவில்லை, கூடியது. 4 மில்லிமீட்டர் 6 ஆனது, 7 ஆனது, பதினாறாவது மாசம் 9-இல் வந்து நின்றது. முகம் முன்பைவிட மோசமாகத் தெரிந்தது. கல்லூரிக்குத் துப்பட்டாவை வாய் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு போனாள்.

"ஏன் மாமா, காசு குடுத்துக் கோணலாக்கிக்கிட்டு இருக்கமா?" என்றாள் ஒருநாள் தேனி பஸ் ஸ்டாண்டில். எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் மச்சான்தான் சொன்னார். "கவாத்து வெட்டினா பந்தலு மொட்டையாத்தான் நிக்கும் தாயி. அன்னைக்கு வந்து பாக்கிறவன் தோட்டம் போச்சும்பான். வெட்டாம விட்டா எல எலயா தழைக்கும், கொல பிடிக்காது." நான் முப்பது வருடம் உவமை அணி நடத்தியவன். அந்த இடத்தில் எனக்கு அது தோன்றவில்லையே என்று கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

குறையைப் பாதி மறைத்தபடியே திருத்தப் போனால் பாதிதான் திருந்தும். பல் சாய்ந்திருக்கையிலேயே தாடையை நகர்த்தினால் வேண்டிய அளவு நகர இடமிருக்காது. பல் பொருந்திவிடும், முகம் பொருந்தாது. குறையை முழு அளவுக்கு வெளியே கொண்டுவந்து, இதுதான் நீ என்று காட்டிய பிறகே சர்ஜன் கத்தியை எடுக்கிறார். இப்போது சில இடங்களில் அறுவையை முதலில் செய்து கம்பியைப் பிறகு போடும் முறையும் உண்டு. ஜப்பானின் செண்டாய் நகரத்து மருத்துவர்கள் 2009-இல் எழுதியதிலிருந்து அது பரவியது. அதிலும் மறைந்திருக்கிற கணக்கை முன்கூட்டியே போட்டுப் பார்த்துத்தான் தாடையை நிறுத்த வேண்டும்.

சீரைத் திருத்துகிறவர் ஒருவர், தளையைத் திருத்துகிறவர் ஒருவர். இப்படி இரண்டு கை சேர்வதற்கு வயது நூற்றுக்கும் மேல். 1849-இலேயே அமெரிக்காவின் வீலிங் நகரில் சைமன் ஹல்லிஹென் என்பவர், தீக்காயத்தால் கீழ்த்தாடையின் முன்பகுதி நீண்டுபோன ஒரு பெண்ணுக்கு எலும்பை வெட்டிச் சரிசெய்திருக்கிறார். அந்த நூற்றாண்டு முடியும் தறுவாயில் செயின்ட் லூயிஸ் நகரில் ஆங்கிளும் வில்ரே பிளேர் என்ற சர்ஜனும் ஒரு நீண்ட தாடைக்காகச் சேர்ந்து வேலை செய்தார்கள். ஆனால் இன்றைய அறுவையின் வடிவம் ஹியூகோ ஓப்வெகெசர் என்ற ஆஸ்திரியருடையது. 1957-இல் ட்ரௌனருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கீழ்த்தாடை வெட்டு, நான் பார்த்ததிலேயே அழகான தச்சு வேலை.

தாடையைக் குட்டையாக்க வேண்டுமென்றால் நாமெல்லாம் என்ன நினைப்போம்? குறுக்கே வெட்டி ஒரு துண்டை எடுத்துவிட்டு இரண்டு முனையையும் ஒட்டவைப்போம். அப்படிச் செய்தால் தொடுமிடம் சிறிது, எலும்பு கூடுவது கஷ்டம். அதோடு தாடைக்குள்ளே ஓடுகிற நரம்பு அறுந்துபோகும். ஓப்வெகெசர் குறுக்கே வெட்டவில்லை, மூங்கிலைப் பிளாச்சாகப் பிளப்பது போல நீளவாக்கில் பிளந்தார். கடவாய்ப் பல்லுக்குப் பின்னால் தாடை மேலே ஏறுகிற இடத்தில் உள்புறம் ஒரு கீறல், வெளிப்புறம் ஒரு கீறல், இரண்டையும் இணைக்க நடுவில் ஒன்று. உளியை மெல்லத் திருப்பினால் எலும்பு வெளி ஏடு, உள் ஏடு என்று இரண்டாகப் பிரிகிறது. வெளி ஏடு காதோரத்து மூட்டோடு அங்கேயே நிற்கும். உள் ஏடு பற்களைச் சுமந்துகொண்டு முன்னும் பின்னும் சறுக்கும், தீப்பெட்டிக்குள் அறை சறுக்குகிற மாதிரி. எவ்வளவு சறுக்கினாலும் எலும்பின் மேல் எலும்பு அகலமாகப் படிந்தே கிடக்கும், அதனால் எளிதில் கூடும். எல்லாம் வாய்க்குள் இருந்தே. கன்னத்தில் ஒரு கோடு கூட விழாது.

நரம்பு? தாடையின் உள்புறத்தில் அது நுழைகிற துவாரத்துக்கு முன்னால் ஒரு சிறு எலும்பு மடல் காவல் நிற்கிறது. லத்தீனில் அதற்குச் சிறுநாக்கு என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள். உள்கீறல் அந்தச் சிறுநாக்குக்கு மேலே போக வேண்டும். அங்கே நுழைகிற நரம்பு, எலும்புக்குள் குழாய் வழியே ஓடி, கீழுதட்டுக்கும் நாடிக்கும் தொடுவுணர்ச்சி கொடுக்கிறது. பிளக்கும்போது அது உள் ஏட்டோடு போய்விட வேண்டும். ஏடு பிரிகையில் வெண்ணிறக் கயிறாக அது கண்ணுக்கே தெரியும் என்றார் சர்ஜன். தெரிந்த பிறகு அவர் கை இன்னும் மெதுவாகுமாம். எதை வெட்டுவது என்பதற்குச் சமமாக எதை வெட்டாமல் விடுவது என்பதிலும் கலை இருக்கிறது.

மேல்தாடைக்கு வேறு கதை. 1901-இல் பிரெஞ்சு மருத்துவர் ரெனே லெ ஃபோர்ட், பிணங்களின் முகத்தில் பலவிதமாக அடி கொடுத்து, முகம் எங்கே உடைகிறது என்று பார்த்தார். எப்படி அடித்தாலும் திரும்பத் திரும்ப மூன்று கோடுகளில்தான் உடைந்தது. அவற்றில் கீழ்க்கோடு மேற்பற்களின் வேருக்கு மேலே, மூக்கின் அடியைத் தொட்டுக்கொண்டு கிடைமட்டமாக ஓடுவது. விபத்தில் முகம் உடையும் அதே கோட்டை, 1965-இல் ஓப்வெகெசர் மேல்தாடையை முழுதாக விடுவித்து நகர்த்தும் கோடாக எடுத்துக்கொண்டார். அவருக்கு முன்னும் அந்தக் கோட்டில் வெட்டியவர்கள் உண்டு, அவர்களில் பெரும்பாலோருக்கு முழுக்கக் கழற்றி எடுக்கும் துணிவுதான் இல்லை. வேர்களின் நுனிக்கு ஐந்து மில்லிமீட்டராவது மேலே வெட்டினால் பற்கள் உயிரோடு இருக்கும்.

முழுக்கக் கழன்ற எலும்புக்கு ரத்தம் எங்கிருந்து வரும்? இந்தப் பயத்தைத் தீர்த்தவர் வில்லியம் பெல். 1960-களின் இறுதியில் தொடங்கிக் குரங்குகளில் அவர் செய்த ஆய்வுகள், அண்ணத்தின் சதையும் ஈறும் பின்னால் ஒட்டியிருந்தாலே போதும், அவற்றின் வழியே வருகிற ரத்தம் தாடையை வாழவைக்கும் என்று காட்டின. அதனால்தான் வெட்டு முழுக்க உதட்டுப் பக்கமாகப் போகிறது. அண்ணத்தைத் தொடுவதில்லை. கீழே இறங்கித் தொங்கும் மேல்தாடை, அந்தச் சதைக் காம்பில் திராட்சைக் குலை மாதிரி உயிரோடு நிற்கிறது.

கணக்கு இப்படி முடிந்தது. மேல்தாடை 5 மில்லிமீட்டர் முன்னே, கீழ்த்தாடை 6 மில்லிமீட்டர் பின்னே. மொத்தம் 11. அதில் ஒன்பது, இடைவெளியை அடைக்க. மீதி இரண்டு, மேற்பல் கீழ்ப்பல்லுக்கு முன்னால் நிற்க. ஒரே தாடையை 11 நகர்த்தியிருந்தால் முகமும் தாங்காது, எலும்பும் பழைய இடத்துக்கு நழுவப் பார்க்கும். பாரத்தைப் பங்கு போட்டதிலும் ஒரு நயம்.

நான் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு சின்னத் தகடு. அப்பளத்தைவிடக் கொஞ்சம் தடிமன், மேலும் கீழும் பல்தடம் பதிந்த பிளாஸ்டிக். இரண்டு செய்வார்கள். மேல்தாடையை வெட்டியதும் அதை எங்கே நிறுத்துவது என்று சொல்ல முதல் தகடு. இன்னும் வெட்டாத கீழ்ப்பல்லில் அதை வைத்து, புது மேல்தாடையை அதன் தடத்தில் உட்காரவைப்பார்கள். பிறகு கீழ்த்தாடையைப் பிளந்து, இரண்டாம் தகட்டில் பொருத்துவார்கள். யோசித்துப் பாருங்கள். புது மேல்தாடையும் பழைய கீழ்த்தாடையும் சேர்ந்த அந்தக் கடி, அறுவை மேசையில் கொஞ்ச நேரம் மட்டும் இருந்துவிட்டுப் போகிறது. அவள் வாழ்நாளில் அந்தக் கடியால் ஒரு பருக்கைகூட மெல்லப்போவதில்லை. அந்தக் கொஞ்ச நேரத்துக்காக அச்செடுத்து, கணக்குப் போட்டு, அரை மில்லிமீட்டர் பிசகாமல் ஒரு தகடு. நான் அந்தத் தகட்டைக் கேட்டு வாங்கி வந்து, வீட்டில் என் யாப்பருங்கலக் காரிகைப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

முன்காலத்தில் எலும்பைக் கம்பியால் தைத்து, மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் ஆறு வாரம் கட்டியே வைத்திருப்பார்களாம். வாய் திறக்கவே முடியாது. 1970-களில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து மாக்சிம் ஷாம்பியும் மற்றவர்களும் சிறு தகடும் திருகாணியும் வைத்துப் பிணைப்பதைச் செம்மைப்படுத்திய பிறகு அந்தச் சிறைவாசம் பெரும்பாலும் ஒழிந்தது. இப்போது டைட்டானியம் தகடு, மேலே ரப்பர் வளையங்கள். ஆனாலும் முதல் வாரங்கள் லேசானவை அல்ல. முகம் பூசணிக்காயாய் வீங்கியது. கஞ்சி, கேப்பைக்கூழ், மோர், பன்னீர் திராட்சைச் சாறு, எல்லாம் ஊசியில்லாச் சிரிஞ்சில். அப்பத்தா வந்து பார்த்துவிட்டு, "இது நம்ம பிள்ளதானா?" என்று கையைப் பிடித்துத் தடவிப் பார்த்துத்தான் உறுதி செய்துகொண்டாள். வீக்கம் வடிந்த பிறகும் ஆறேழு மாசம் கம்பி இருந்தது. சர்ஜன் பொருத்திய தளையில் ஒவ்வொரு சீரையும் கடைசியாக உட்காரவைக்க.

முகம் மாறியதை ஊர் பேசியது. நான் கவனித்தது வேறு. வீரபாண்டிச் சித்திரைத் திருவிழாவுக்கு முன்பெல்லாம் போகையில் அவள் டிக்கெட் கேட்டால், கண்டக்டர் "எங்கம்மா?" என்று மறுபடி கேட்பார். அந்த வகரம் அவள் வாயில் சரியாகப் பிறக்காது. பல்லும் இதழும் இயையும்போதுதான் வகரம் பிறக்கும் என்று தொல்காப்பியப் பிறப்பியல் சொல்கிறது. அவளுக்கு மேற்பல் கீழுதட்டை எட்டவே எட்டாது. இரண்டு உதட்டையும் சேர்த்து என்னமோ ஒரு ஒலி எழுப்புவாள். பல் போனால் சொல் போச்சு என்பார்கள், பல் இருந்தும் இடம் மாறினால் அதே கதைதான். 2019-இல் சயின்ஸ் இதழில் மொழியியலாளர்கள் சிலர் எழுதியது இன்னும் சுவாரசியம். மென்மையான உணவு பெருகி, வளர்ந்தவர்களிலும் மேற்பல் கீழ்ப்பல்லுக்குச் சற்று முன்னால் நிற்பது நிலைத்த பிறகே இந்தப் பல்லுதட்டு ஒலிகள் உலக மொழிகளில் பரவின என்பது அவர்கள் வாதம். வகரத்துக்குப் பின்னால் உழவும் உலையும் இருக்கின்றன என்று நினைத்தால், பஸ்ஸில் டிக்கெட் எடுப்பதுகூடச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. போன சித்திரையில் கண்டக்டர் மறுபடி கேட்கவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நயம் பாராட்டியதாகாது, விளம்பரம் செய்ததாகிவிடும். நீண்ட நாடி உள்ள எல்லோருக்கும் இது வேண்டியதில்லை. கடிக்கவும் பேசவும் தடையில்லாதவர், கண்ணாடி பார்த்து மனம் நோகாதவர், பாட்டியின் நாடியோடு நிம்மதியாக இருக்கலாம். இதில் காசும் காலமும் வலியும் போகும். எவ்வளவு கவனமாகப் பிளந்தாலும், இழுபட்ட நரம்பு பலருக்குச் சில மாசம் மரத்துக் கிடக்கும். சிலருக்கு ஓரிடம் மரத்தே போய்விடும். சர்ஜன் இதை மறைக்கவில்லை. கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் அவளைத் தனியாக உட்காரவைத்து, கீழுதட்டில் தன் பேனா முனையால் தொட்டுக் காட்டி, "இந்த எடம் திரும்பாமலும் போகலாம்மா" என்று சொன்னார். பற்கள் மறைத்ததை அவிழ்த்தே தொடங்கிய வைத்தியத்தில், சொல்லாமல் மறைத்த பாகம் எதுவுமில்லை.

கம்பி எடுத்த மாசம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணையில் பூக்கட்டு. பிள்ளையின் பக்கத்தில் பிளேடு பழக்கதோஷத்தில் கிடந்தது. சரம் முடிந்தது. நூலை வாயின் கோடிக்குக் கொண்டுபோனவள், பாதியில் நிறுத்தி, முன்பல்லுக்குக் கொண்டுவந்தாள். அக்கா கட்டுவதை நிறுத்திவிட்டாள். நானும் பேச்சை நிறுத்தினேன்.

கீழுதட்டின் இடது பக்கத்தில் கட்டைவிரல் ரேகை அளவுக்கு இன்னும் அவளுக்கு உணர்ச்சி வரவில்லை.

"நூலு ஒதட்டுல பட்டதே தெரியல மாமா" என்றாள். "அறுந்த சத்தந்தான் கேட்டுச்சு."